சீருடையும் சோர்வும் – 7: முப்பது பயணங்கள், இருநூறு நாட்கள்

முதல் உலகப் போர் முடிந்தபோது, உடலில் ஒரு கீறலும் இல்லாத படைவீரன்கூட நடுக்கத்தாலும் உறக்கமின்மையாலும் பேச்சிழப்பாலும் செயலற்றுப் போகக்கூடும் என்பதை ஐரோப்பாவின் படைத் தலைமைகளால் மறுக்க முடியாத நிலை உருவாகியிருந்தது. ஆயினும் அதற்குக் காரணம் அவன் நிறுத்தப்பட்ட இடமா, அவன் பிறந்த விதமா என்ற கேள்வி தீர்க்கப்படாமலேயே அடுத்த போருக்குக் கைமாற்றப்பட்டது. சென்ற பகுதியில் கண்டதுபோல, பிரிட்டிஷ் பேரரசுப் படைகளில் கோழைத்தனம், படையைவிட்டு ஓடுதல் முதலிய குற்றங்களுக்காக 306 பேர் சொந்தப் படையினராலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். 'ஷெல் ஷாக்' எனப்பட்ட குண்டதிர்ச்சி நோயை ஆராய்ந்த சவுத்பரோ பிரபுவின் குழு 1922இல் அளித்த அறிக்கை, நல்ல பயிற்சியும் தலைமையும் வாய்த்த அணிகளில் இந்நோய் குறைவு என்று கூறி, அந்தப் பெயரையே கைவிடுமாறு பரிந்துரைத்தது. 1930இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கோழைத்தனத்துக்கும் படையைவிட்டு ஓடுவதற்கும் இருந்த மரண தண்டனையை நீக்கியது. ஆனால் 1939 ஜூலையில் ஹோர்டர் பிரபுவின் தலைமையில் கூடிய மாநாடு, வரவிருக்கும் போரில் மனமுறிவுக்கு உள்ளாவோருக்குப் போர் முடியும்வரை ஓய்வூதியம் தரக்கூடாது என்ற கருத்துக்கு வந்தது. முந்தைய போரின் மனநோயாளிகளுக்கு அளந்த பணம் கருவூலத்தை அவ்வளவு அச்சுறுத்தியிருந்தது.

தண்டனை போய்ச் சிக்கனம் வந்து அமர்ந்த இந்தச் சூழலில்தான் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. ஒரு மனிதனால் எத்தனை நாள் தாங்க முடியும் என்பதை எண்ணால் சொல்லும் முயற்சி படைகளின் வரலாற்றில் முறையாக வேர்விட்டது இந்தப் போரில்தான் என்பதால், அந்த எண் எப்படிப் பிறந்தது, யார் கையில் இருந்தது, யாருக்குப் பயன்பட்டது என்பதை இரண்டு களங்களை வைத்து இந்தப் பகுதி ஆராய்கிறது: ஒன்று, ஜெர்மனியின் நகரங்கள்மீது இரவில் பறந்த பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானப் படைப்பிரிவான 'பாம்பர் கமாண்ட்', மற்றொன்று, வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் போரிட்ட அமெரிக்கக் காலாட்படை.

பாம்பர் கமாண்டில் பறந்த ஒவ்வொருவரும் விமானப் பணிக்குத் தாமாக முன்வந்தவரே. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து முதலிய நாடுகளைச் சேர்ந்த சுமார் 1,25,000 பேர் அதில் பறந்தனர். அவர்களில் 55,573 பேர் மாண்டனர், ஏறத்தாழ 10,000 பேர் போர்க்கைதிகளாயினர். 'லங்காஸ்டர்' என்ற நான்கு எஞ்சின் விமானத்தில் ஏழு பேர் சென்றனர்: விமானி, எஞ்சின் பொறியாளர், வழியைக் கணிக்கும் நேவிகேட்டர், குண்டு எறிபவர், வானொலி இயக்குநர், மேற்கூண்டிலும் வால் கூண்டிலும் இரண்டு துப்பாக்கி வீரர்கள். வால் கூண்டில் இருப்பவர், மற்ற ஆறு பேரின் முகத்தையும் பார்க்க வழியின்றி, உறைநிலைக்கு மிகக் கீழான குளிரில், எட்டு மணிநேரம்வரைகூட இருளை உற்றுப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருக்க வேண்டும். விடியலில் தளத்துக்குத் திரும்பியவர்கள் சுடச்சுடக் காலை உணவு உண்டு, வெள்ளை விரிப்பிட்ட கட்டிலில் உறங்கி, மாலையில் பக்கத்து ஊர் மதுக்கடையில் உள்ளூர் மக்களோடு அமர்ந்திருந்துவிட்டு, மறுநாள் இரவு மீண்டும் எரியும் நகரத்தின்மேல் இருக்க நேர்ந்தது. அகழிப்போரில் சிக்கிய காலாட்படையினனுக்குக் கிடைக்காத வசதி இது என்று அக்காலத்தில் பலர் எண்ணினர். ஆனால் அமைதியான வாழ்வுக்கும் மரணத்துக்கும் இடையில் வாரம் இருமுறை போய்வருவது மனத்துக்கு எளிதாக இருந்திருக்கும் என்று கொள்ள இடமில்லை.

இந்தப் பணியின் கொடுமையை எளிய கணக்கால் விளக்கலாம். ஓர் இரவில் செல்லும் விமானங்களில் நூற்றுக்கு நான்கு திரும்பாது என்று வைத்துக்கொண்டால், முப்பது பயணங்களை முடித்து உயிரோடு இருக்கக்கூடியவை நூற்றில் ஏறத்தாழ 29 மட்டுமே. இழப்பு நூற்றுக்கு ஐந்தாக உயர்ந்தால் அது 21 ஆகச் சுருங்கும். பெர்லின்மீதான தாக்குதல்கள் உச்சத்தில் இருந்த 1943–44 குளிர்காலத்தில் இழப்பு இந்த அளவை எட்டியும் தாண்டியும் சென்றது; 1944 மார்ச் 30 இரவு நியூரெம்பெர்க் நகரை நோக்கிச் சென்ற 795 விமானங்களில் 95 திரும்பவில்லை. உணவுக்கூடத்தின் காலி நாற்காலிகளும், புதிதாக வந்தவர்கள் பெயர் தெரியும் முன்பே மறைந்துபோவதும் இந்தக் கணக்கைத் தாளும் எழுதுகோலும் இல்லாமலேயே ஒவ்வொருவருக்கும் கற்பித்தன. புதிய குழுவினர் தம் முதல் சில பயணங்களிலேயே அதிகம் மடிந்தனர் என்பதும், அனுபவம் ஓரளவு காப்பாற்றினாலும் முற்றிலும் காப்பாற்றவில்லை என்பதும் அவர்கள் அறிந்தவையே.

இத்தகைய பணியில் சிலர் ஒரு கட்டத்தில் இனிப் பறக்க முடியாது என்று கூறுவார்கள் என்பதை விமானத் துறை போரின் தொடக்கத்திலேயே எதிர்பார்த்தது. பறத்தல் தன்விருப்பப் பணி என்பதால் மறுப்பவரை இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்துவது சட்டப்படி சிக்கலானது. மறுத்தவர்களையெல்லாம் நோயாளிகள் என்று விடுவித்தால், அந்த வாயில் வழியே அனைவரும் வெளியேறிவிடுவார்கள் என்ற அச்சமும் இருந்தது. 1940இல் துறை வெளியிட்ட கமுக்கச் சுற்றறிக்கை இதற்கு ஒரு நடைமுறையை வகுத்தது: மருத்துவர் நோய் உண்டு என்று சொன்னால் அவர் நோயாளி, நோயும் இல்லை, வழக்கத்துக்கு மீறிய நெருக்கடிக்கும் அவர் ஆளாகவில்லை என்றால், அவர் 'லாக் ஆஃப் மாரல் ஃபைபர்', அதாவது நெஞ்சுரம் இல்லாதவர். சுருக்கமாக 'எல்.எம்.எஃப்.' எனப்பட்ட இந்த முத்திரை குத்தப்பட்ட அதிகாரி தம் பதவியை இழப்பார். சார்ஜென்டாக இருப்பவரின் கைப்பட்டையும் மார்பிலிருந்த சிறகுச் சின்னமும் அகற்றப்பட்டு, அவர் கடைநிலைப் பணிக்கு அனுப்பப்படுவார். போரின் பிற்பகுதியில் இத்தகையோரில் சிலர் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் தரைப்படைக்கும் மாற்றப்பட்டனர். சில தளங்களில் முழு அணியின் முன்னிலையில் சின்னங்கள் பிய்த்தெறியப்பட்டதாக முன்னாள் வீரர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

இந்த முத்திரை பெற்றவர்கள் பறந்தவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு என்று ஆவணங்களை ஆராய்ந்த வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகின்றனர். ஆகவே இந்த ஏற்பாட்டின் ஆற்றல் தண்டனையின் எண்ணிக்கையில் இருக்கவில்லை. பறக்க அஞ்சியதைவிட இந்த முத்திரைக்கு அஞ்சியவர்களே மிகுதி என்பது போருக்குப் பின் எழுதப்பட்ட நினைவுக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. இதன் மிகப் பெரிய சுமை தளத்து மருத்துவர்மீது விழுந்தது. இருபது பயணங்களை முடித்த ஒருவர் கை நடுங்க அவர் முன்னால் வந்து நிற்கும்போது, அவரை நோயாளி என்று எழுதினால் அணித் தலைவரின் முகம் சுருங்கும்; நோயில்லை என்று எழுதினால் ஓர் இளைஞரின் வாழ்நாள் முழுவதற்குமான அவமானத்தில் கையெழுத்திட்டதாகிவிடும். ஆகவே பல மருத்துவர்களும் மனிதநேயம் உள்ள அணித் தலைவர்களும், காதுவலி, சளி, விடுப்பு, பயிற்சிப் பள்ளிக்கு மாற்றம் என்ற ஏதேனும் ஒரு கதவை அமைதியாகத் திறந்துவிட்டனர். அந்தக் கதவுகள் எத்தனை முறை திறந்தன என்பது எந்தப் பேரேட்டிலும் இல்லை. விதிப்புத்தகத்தைவிட அவையே படையைக் காத்தன என்று கருத இடமுண்டு.

இந்தச் சிக்கலை அறிவியல் முறையில் அணுகியவர்களில் முதன்மையானவர் விமானப் படையின் ஆலோசகராயிருந்த நரம்பியல் மருத்துவர் சார்லஸ் சைமண்ட்ஸ். அவரும் டெனிஸ் வில்லியம்ஸும் தளம் தளமாகச் சென்று மருத்துவர்களையும் அணித் தலைவர்களையும் விசாரித்தும், மனநல மையங்களுக்கு வந்தவர்களின் குறிப்புகளைத் தொகுத்தும் எழுதிய அறிக்கைகள் 1947இல் விமானத் துறையின் வெளியீடாக வந்தன. எந்தப் பிரிவில் உயிரிழப்பு மிகுதியோ அந்தப் பிரிவிலேயே மனமுறிவும் மிகுதி என்பதை அவர்கள் காட்டினார்கள். தனிமனித இயல்பின் பங்கை அவர்கள் முற்றாகத் தள்ளிவிடவில்லை. முன்பே நலிவுடையவர் குறைந்த சுமையிலும், நலிவற்றவர் மிகுந்த சுமையிலும் முறிகின்றனர் என்பதே அவர்களது முடிவு. 'பறத்தல் நெருக்கடி' என்ற சொற்றொடரை அதுவரை நோயின் பெயராகவும் அதன் காரணமாகவும் மருத்துவர்கள் மாறிமாறிப் பயன்படுத்திவந்தனர். அது மனிதனுக்கு வெளியிலிருந்து நேர்வதைக் குறிக்க வேண்டுமே தவிர, அவனுக்குள் நிகழ்வதைக் குறிக்கக்கூடாது என்று சைமண்ட்ஸ் வரையறுத்தார். வெளியில் இருப்பது சுமை என்றால் அதை அளக்கலாம், அளக்க முடிந்தால் அதற்கு வரம்பும் கட்டலாம் என்பதே இந்த வரையறையின் பயன்.

வரம்பு ஒன்று நடைமுறையில் முன்பே இருந்தது. போரின் தொடக்க ஆண்டுகளில் ஏறத்தாழ 200 மணிநேரத் தாக்குதல் பறப்பு ஒரு பணிச்சுற்றாகக் கொள்ளப்பட்டது. வேண்டுமென்றே சுற்றிப் பறந்து மணிநேரத்தைக் கூட்டும் வாய்ப்பு அதில் இருந்ததாலும், தளத்துக்குத் தளம் வழக்கம் வேறுபட்டதாலும், 1943 மேயில் விமானத் துறை முதற் சுற்றை 30 பயணங்கள் என்றும், குறைந்தது ஆறு மாதம் பயிற்சிப் பணியில் கழித்தபின் வரும் இரண்டாம் சுற்றை 20 பயணங்கள் என்றும் உறுதிசெய்தது. முன்சென்று இலக்கைக் காட்டும் 'பாத்ஃபைண்டர்' அணியினர் இடைவெளியின்றி 45 பயணங்கள் முடிக்க வேண்டும் என்று வகுக்கப்பட்டது. எந்த மனநல அளவீட்டிலிருந்தும் பிறக்காத எண்ணாயினும், இதற்கு ஒரு நற்பயன் இருந்தது: முடிவு உண்டு என்று தெரிந்தவர், முடிவு தெரியாதவரைவிட நெடுந்தூரம் தாங்கினார். படுக்கையருகே சுவரில் கோடு போட்டுவந்த குழுவினர் அந்த முப்பதை விமானத் துறையோடு செய்துகொண்ட ஒப்பந்தமாகவே கருதினர்.

அந்த ஒப்பந்தத்தை ஒரு தரப்பு தன்னிச்சையாகத் திருத்தினால் என்ன நேரும் என்பதற்கு 1944 வசந்தம் சான்று. நார்மண்டிப் படையிறக்கத்துக்கு முன்னோடியாகப் பிரான்சின் இருப்புப்பாதைகளையும் முகாம்களையும் தாக்கும் பணி பாம்பர் கமாண்டுக்குத் தரப்பட்டபோது, தொலைவு குறைவு, ஆபத்தும் குறைவு என்ற காரணத்தால், பிரான்சுக்குச் செல்லும் பெரும்பாலான பயணங்கள் மூன்றில் ஒரு பங்காக மட்டுமே எண்ணப்படும் என்று தலைமையகம் ஆணையிட்டது. மூன்றுமுறை உயிரைப் பணயம் வைத்தால் ஒரு கோடு. தளங்களில் மனக்கசப்பு பரவியது. மே 3 இரவு மாய்யி-லெ-காம் என்ற ஊரிலிருந்த ஜெர்மன் டாங்கி முகாமைத் தாக்கச் சென்ற 346 லங்காஸ்டர்களில் 42 திரும்பாமற்போக, மூன்றில் ஒரு பங்கு என்ற அந்த ஆணை பிறகு கைவிடப்பட்டது. இங்கிலாந்தில் தளமிட்டுப் பகலில் பறந்த அமெரிக்க எட்டாம் விமானப் படையிலும் இதுவே வேறு வடிவில் நடந்தது: தொடக்கத்தில் 25 பயணங்களாக இருந்த பணிச்சுற்று, உயிரிழப்பு குறையத் தொடங்கிய 1944இல் முதலில் 30 ஆகவும் பின்னர் 35 ஆகவும் உயர்த்தப்பட்டது. வீரனுக்கு அந்த எண் அவன் தாங்குதிறனின் எல்லை; தலைமைக்கோ அது ஆள் கையிருப்பைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் திருகு.

போரின் இறுதியாண்டான 1945இல் வெளிவந்த 'தி அனாட்டமி ஆஃப் கரேஜ்' என்ற நூலில், முதல் உலகப் போரில் பட்டாலியன் மருத்துவராகப் பிரான்சின் அகழிகளில் பணியாற்றியவரும், பின்னாளில் சர்ச்சிலின் மருத்துவருமான மோரன் பிரபு, துணிவு என்பது வங்கியில் போட்டுவைத்த முதலைப் போன்றது, எடுக்க எடுக்கக் குறையும், தீர்ந்தால் ஆள் முடிந்தான் என்ற கருத்தை முன்வைத்தார். துணிவுள்ளவன், கோழை என்ற இருமைக்குப் பதிலாகச் செலவு, இருப்பு என்ற கணக்கை இது கொண்டுவந்தது. எனினும் சிலருக்கு முதலே குறைவு என்றும், அத்தகையோரை முன்கூட்டியே இனங்காண வேண்டும் என்றும் மோரன் நம்பினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவரது நூலை இன்று பரிவின் ஆவணமாக மட்டும் படிப்பவர்கள் அந்தப் பக்கங்களைத் தாண்டிவிடுகிறார்கள்.

முன்கூட்டியே இனங்காணலாம் என்ற அதே நம்பிக்கையை முழு வேகத்தோடு சோதித்த நாடு அமெரிக்கா. படையில் சேர வருபவர்களைச் சில நிமிட நேர்காணலில் சலித்து, மனநலிவு உடையவர்களை வாயிலிலேயே நிறுத்திவிட்டால் முந்தைய போரின் செலவைத் தவிர்க்கலாம் என்று, ஹாரி ஸ்டாக் சல்லிவன் முதலிய மனநல மருத்துவர்களின் ஆலோசனையோடு ஒரு பெரும் வடிகட்டல் நடத்தப்பட்டது. போர் முடிவதற்குள் 17 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மனநலக் காரணங்களால் திருப்பியனுப்பப்பட்டனர். இவ்வளவு சலித்தும், படைக்குள் சென்றவர்களிடையே மனமுறிவு முதல் உலகப் போரில் இருந்ததைவிட மிகுதியாகவே இருந்தது. சல்லடையில் குறையில்லை, கண்ணை இன்னும் சிறிதாக்கினால் போதும் என்று சிலர் வாதிட்டதும் உண்டு. ஆயினும் போர்க்களமே சான்று சொல்லத் தொடங்கிய பின் அந்த வாதம் நீடிக்கவில்லை.

1943இன் தொடக்கத்தில் துனிசியாவில் நடந்த சண்டைகளில் மனம் முறிந்த அமெரிக்க வீரர்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பின்னாலிருந்த அல்ஜீரிய மருத்துவமனைகளுக்கு அனுப்பப்பட்டபோது, மிகச் சிலரே மீண்டும் போர்முனைக்குத் திரும்பினர். களத்துக்கு அருகிலேயே, தாமதமின்றி, 'நீ திரும்பிச் செல்வாய்' என்ற எதிர்பார்ப்போடு சிகிச்சை தர வேண்டும் என்று முதல் உலகப் போரில் தாமஸ் சால்மன் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்திருந்த முறை இருபதே ஆண்டுகளில் மறக்கப்பட்டிருந்தது. அதை மீட்டெடுத்தவர் ஃபிரெடரிக் ஹான்சன் என்ற இராணுவ மருத்துவர். இரண்டொரு நாள் ஆழ்ந்த உறக்கம், சூடான உணவு, குளியல், ஒருவரிடம் மனம்விட்டுப் பேசும் வாய்ப்பு ஆகிய எளிய ஏற்பாடுகளே பாதிக்கும் மேற்பட்டோரைப் பணிக்குத் திருப்பின. 1943 ஏப்ரலில் இரண்டாம் கோரின் தளபதி ஓமர் பிராட்லி, இத்தகைய நோயாளிகள் அனைவரையும் முதலில் 'களைப்பு' என்று மட்டுமே பதிவுசெய்ய வேண்டும் என்று ஆணையிட்டார். எல்லோருக்கும் வருவது களைப்பு. அதற்காக எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

நான்கு மாதங்கள் கழித்து, சிசிலியில், பிராட்லியின் மேலதிகாரியான ஜெனரல் ஜார்ஜ் பேட்டன் இரண்டு கள மருத்துவமனைகளில் இத்தகைய நோயாளிகள் இருவரை ஒரே வார அளவு இடைவெளியில் கோழைகள் என்று ஏசிக் கையால் அறைந்தார். முதலாமவருக்கு மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் இருந்தது பின்னர் தெரியவந்தது. இரண்டாம் நிகழ்ச்சியைப் பற்றிய அறிக்கை பிராட்லியின் மேசைக்கு வந்தபோது, மேலதிகாரிமீது நடவடிக்கை கோரித் தாண்டிச் செல்ல விரும்பாத அவர் அதைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினார்; மருத்துவர்கள் வேறு வழியில் தலைமைத் தளபதி ஐசனோவருக்குத் தெரிவித்தனர். ஐசனோவர் பேட்டனைக் கண்டித்து மன்னிப்புக் கேட்கச் செய்தார், ஆயினும் பதவியில் வைத்துக்கொண்டார். ஒரே படையில், ஒரே கோடையில், ஆணைத்தாளில் களைப்பும் நாவில் கோழைத்தனமும் அருகருகே வாழ்ந்தன.

களைப்புக்குச் சிகிச்சை தந்து திருப்பியனுப்பப்பட்டவர்கள் எத்தனை காலம் நின்றார்கள் என்ற கேள்வியை எழுப்பியவர் ஜான் ஆப்பெல் என்ற இளம் இராணுவ மருத்துவர். 1944இல் இத்தாலியின் கசினோ, ஆன்சியோ முனைகளுக்கு அனுப்பப்பட்ட அவர், வீரர்களோடும் தளபதிகளோடும் பேசியும், புள்ளியியலாளர் கில்பர்ட் பீபுடன் பின்னர் இணைந்து கணக்கிட்டும் கண்ட முடிவுகள் 1946இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்தன. காலாட்படைப் பட்டாலியனில் இருப்பவர், மரணத்தாலோ காயத்தாலோ நோயாலோ வெளியேறாவிட்டால், இறுதியில் மனமுறிவாலேயே வெளியேறுவார் என்பதே அவற்றின் சாரம். முதல் 90 நாட்களில் திறமை உச்சத்தை எட்டி, அதன்பின் சரிந்து, மொத்தம் 200 முதல் 240 போர் நாட்களுக்குள் பெரும்பாலோர் பயனற்றுப் போயினர். போருக்குப் பழகிவிடுதல் என்ற ஒன்று கிடையாது. ஒவ்வொரு நாளும் அதன் பங்கைத் தின்றுகொண்டே போகிறது. எல்லை அறிவிக்கப்படாத பணியில் காயம் படுவது கேடாகத் தோன்றாமல் விடுதலையாகத் தோன்றியதையும் ஆப்பெல் குறித்தார்: சாவு, காயம், சித்தப்பிரமை என்ற மூன்று வாயில்களில் காயமே நல்லது.

அருகில் போரிட்ட பிரிட்டிஷ் பட்டாலியன்கள் பன்னிரண்டு நாளோ அதற்கும் குறைவாகவோ முனையில் இருந்தபின் நான்கு நாள் ஓய்வுக்கு விலக்கப்பட்டதையும், அதனால் அவர்களது தாங்குகாலம் அமெரிக்கர்களுடையதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு எனப் பிரிட்டிஷ் தரப்பு கருதியதையும் ஆப்பெல் ஒப்பிட்டுக் காட்டினார். அமெரிக்கர்கள் இருபது முப்பது நாட்கள், சில வேளைகளில் எண்பது நாட்கள்வரை, தொடர்ந்து முனையிலேயே வைக்கப்பட்டனர். இதற்குக் காரணம் எவருடைய கொடுமையும் அன்று. உலகின் இரு பக்கங்களில் நடந்த போருக்கு அமெரிக்கா திரட்டியவை சுமார் 90 டிவிஷன்களே என்பதால், ஒரு டிவிஷனைப் பின்னிழுத்தால் அந்த இடத்தில் நிறுத்த வேறொன்று இருக்கவில்லை. அதற்கு மாற்றாக, டிவிஷனைக் களத்திலேயே வைத்துக்கொண்டு, குறைந்த ஆட்களின் இடத்துக்குப் புதியவர்களைத் தனித்தனியே கிடங்குகளிலிருந்து அனுப்பும் முறை பின்பற்றப்பட்டது. கணக்குப் புத்தகத்தில் டிவிஷன் எப்போதும் நிறைவாகவே தெரிந்தது; களத்தில், இரவோடிரவாக வந்து சேர்ந்த புதியவன் பக்கத்துக் குழியில் இருப்பவனின் பெயர் தெரியாமலேயே மடிந்தான், பழையவனோ தன்னோடு வந்தவர்கள் ஒவ்வொருவராக மறைய, அறிமுகமற்ற முகங்களின் நடுவே தனித்து நின்றான்.

அந்தப் பழையவனின் நிலையை விரிவாக எழுதியவர் இத்தாலியில் பணியாற்றிய மனநல மருத்துவர் ரேமண்ட் சோபல். அவரிடம் வந்தவர்கள் பயந்தாங்கொள்ளிகள் அல்லர். பதக்கம் பெற்ற சார்ஜென்டுகள், பிளாட்டூனின் முதுகெலும்பாக இருந்தவர்கள். நாடு, வெற்றி, படையின் பெருமை ஆகிய தொலைவான பற்றுகள் முதலில் உதிர்ந்து, பிறகு தன்மானமும் தளர்ந்து, கடைசியாகத் தன் ஆட்களைக் கைவிடக்கூடாது என்ற ஒரே பிடிப்பில் தொங்கியவர்கள், அந்த ஆட்களும் மாறிப்போனபோது நின்றுபோயினர். இதற்கு 'முதிய சார்ஜென்ட் நோய்க்குறி' என்று சோபல் பெயரிட்டார். 'முதிய' என்பது வயதைக் குறித்தது அன்று, அவர்களில் பலர் இருபதுகளிலேயே இருந்தனர். இவர்களைச் சில நாள் ஓய்வு திருத்தவில்லை. பின்னால் அனுப்பி, ஆயுதம் ஏந்தாத பணியில் அமர்த்தியபோதுதான் பயன்பட்டனர். இன்று தொழில்சார் எரிந்துதீர்தல் என்று காவலர், செவிலியர், தீயணைப்பு வீரர் குறித்தெல்லாம் பேசப்படும் நிலையின் மிகத் தெளிவான முன்வரைவு, அச்சொல் வழக்கத்துக்கு வருவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே, சோபலின் பக்கங்களில் கிடைக்கிறது.

எதிர்த்தரப்பில் ஜெர்மனியின் போக்கு தலைகீழாக இருந்தது. முதல் உலகப் போரில் 48 வீரர்களுக்கு மட்டுமே மரண தண்டனை நிறைவேற்றிய அப்படை, இரண்டாவதில் படையைவிட்டு ஓடுதல் முதலிய குற்றங்களுக்காகக் குறைந்தது 15,000 பேரைக் கொன்றது. அங்கே மனமுறிவு என்ற பதிவுகள் குறைவாக இருந்தால் அதைத் திடத்தின் சான்றாகக் கொள்ள முடியாது. வெற்றிபெற்ற தரப்பும் தன் முறிவுகளைக் காட்டிக்கொள்ள விரும்பவில்லை என்பதற்கு ஒரு திரைப்படம் சாட்சி: நியூயார்க்கின் லாங் தீவிலிருந்த மேசன் இராணுவ மருத்துவமனையில் மனமுறிவுற்ற வீரர்களை ஜான் ஹஸ்டன் படமாக்கிய 'லெட் தேர் பி லைட்' 1946இல் இராணுவத்தால் தடுக்கப்பட்டு, 1980களின் வாயிலில்தான் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டது.

ஆப்பெலின் எண்ணுக்கு அந்தப் போரில் எவரையும் காப்பாற்ற நேரமிருக்கவில்லை. அது விதியாக மாறியது கொரியாவில். 1951இல் அமெரிக்கப் படை புள்ளி முறையைக் கொண்டுவந்தது: முனையில் கழித்த ஒவ்வொரு மாதத்துக்கும் நான்கு புள்ளிகள், பின்னால் கழித்த மாதத்துக்கு அதைவிடக் குறைவு, 36 புள்ளிகள் சேர்ந்தால் தாயகம் திரும்பலாம். முனையில் நின்ற காலாட்படையினனுக்கு இது ஏறத்தாழ ஒன்பது மாதம். மனமுறிவால் வெளியேறியோரின் விகிதம் குறைந்ததற்கு இந்த முறையும், களமுனைச் சிகிச்சையை உடனே நிறுவிய ஆல்பர்ட் கிளாஸின் உழைப்பும், போர் பெரும்பாலும் ஒரே கோட்டில் நின்றுவிட்டதும் சேர்ந்தே காரணங்கள். எண்ணுக்கு மட்டும் அந்தப் புகழைத் தருவது பிழையாகும். எண்ணின் மறுபக்கத்தைக் கண்டவரும் கிளாஸே. புள்ளிகள் நிறையும் தறுவாயில் இருப்பவன் திடீரென்று நடுங்கத் தொடங்கினான். எட்டு மாதம் அஞ்சாதவன், இரண்டு வாரத்தில் இறந்துவிடுவோமோ என்று பதுங்குகுழியைவிட்டு வெளியே வர மறுத்தான். முப்பதாம் பயணத்தை நெருங்கிய லங்காஸ்டர் குழுவினரும் இதே அச்சத்தை அறிந்திருந்தார்கள். ஆனால் அந்த ஏழு பேரும் பெரும்பாலும் ஒன்றாகவே முப்பதை எட்டினர்; கொரியாவில் ஒவ்வொருவனும் தன் புள்ளிகளோடு தனியே இருந்தான்.

வியட்நாமில் இந்தத் தனிமை முழு நிறைவு பெற்றது. தரைப்படையினருக்கு 12 மாதம், மரைன் படையினருக்கு 13 மாதம் என்று ஒவ்வொருவருக்கும் வந்திறங்கிய நாளிலிருந்தே திரும்பும் தேதி குறிக்கப்பட்டது. ஒருவன் அந்நியர்களோடு வந்து, அந்நியர்களிடையே போரிட்டு, அந்நியர்களோடு விமானமேறி, ஓரிரு நாட்களில் தன் ஊர்த் தெருவில் இறங்கினான். 1945இல் கப்பலில் வாரக்கணக்கில் தோழர்களோடு திரும்பியவர்களுக்கு வாய்த்த இடைவெளிகூட அவனுக்கு இல்லை. களத்தில் பதிவான மனமுறிவு தொடக்க ஆண்டுகளில் மிகக் குறைவு என்பதால் மருத்துவர்கள் சிக்கல் தீர்ந்துவிட்டதாகவே கருதினர். அது எங்கே போய்ச் சேர்ந்தது என்பது, 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநெருக்கடியைச் சேர்த்ததன் பின்னணியாக அடுத்த பகுதியில் வரும். இந்த ஓராண்டுக் கணக்குக்கு ஒரு விலக்கும் இருந்தது: களத்தில் கம்பெனிகளையும் பட்டாலியன்களையும் வழிநடத்திய அதிகாரிகள் வழக்கமாக ஆறே மாதத்தில் அந்தப் பொறுப்பிலிருந்து மாற்றப்பட்டனர். தலைமைப் பணியின் சுமை மிகுதி என்றும், அதிக அதிகாரிகளுக்குக் கள அனுபவம் தேவை என்றும் அதற்குக் காரணம் சொல்லப்பட்டது. ஓராண்டு முழுவதும் அதே காட்டில் நின்ற வீரன், தன்னைவிடக் குறைந்த கள அனுபவம் உள்ள புதிய தலைவர்களைத் தன் பணிக்காலத்துக்குள் இரண்டு முறையேனும் சந்தித்தான்.

(தொடரும்)